பத்து லட்சத்துக்கு மேல் ஒரு கொசுறு

கோமதிக்குக் கொசுறு பிடிக்காது. காய்கறிக்காரர் தன்னால் ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்துப் பையில் போட வந்தால்கூட, "இது எவ்வளவு?" என்று கேட்டு அந்த மனிதரின் முகத்தைச் சுருங்க வைத்துவிடுவாள். கணக்கென்றால் கணக்கு. ஐம்பத்தாறு வயதுவரை அப்படியே ஓட்டியாயிற்று. அந்தக் குணத்துக்கு ஏற்ற வேலையும் வாய்த்திருந்தது. தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நடுவே, பனையோலைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாத இடத்தில் கட்டியிருந்த விண்வெளிக் கேட்பு நிலையத்தில் வேலை. வானத்திலிருந்து வரும் சமிக்ஞைத் தட்டுகளில் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை இரைச்சல் என்று வெட்டித் தள்ள வேண்டும் என்ற விதிகளை எழுதியவள் அவள்தான்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலை அவள் மேஜையில் ஒரு சான்றிதழ் கிடந்தது. 'தும்பை விண்கலத்திலிருந்து கடைசியாக வந்த சமிக்ஞையில் பொருள் எதுவும் இல்லை. அது பழுதான கருவியின் இரைச்சல்' என்று அச்சடித்திருந்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்றோடு தும்பைக்காக வானத்தைக் கேட்பது நிற்கும். சனிக் கிரகத்துப் பக்கம் போன ஏழு பேரும் சட்டப்படி இறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தி மெகருன்னிசா. பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள் கோமதி.

மெகர் கடையநல்லூர்க்காரி, கோமதி சங்கரன்கோவில். பாளையங்கோட்டையில் கணிதம் படித்த மூன்று வருஷமும் ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே எண்ணெய்ப் புட்டி. அப்போதெல்லாம் டவுன் பஸ்ஸில் காகித டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். டிக்கெட்டில் இருக்கும் எண்ணை உடைப்பதுதான் இருவருக்கும் விளையாட்டு. எதனால் வகுபடும், அல்லது எதற்கும் மசியாத பகா எண்ணா என்று யார் முதலில் சொல்கிறாளோ அவளுக்கு ஜன்னலோரம். கோமதி ஒழுங்காகப் போவாள்: இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. மெகர் எண்ணை ஒரு பார்வை பார்ப்பாள், கண்ணை மூடுவாள், சொல்லிவிடுவாள். ஜன்னலோரம் அநேகமாக அவளுக்கே போகும். போனால் போகட்டும் என்றுதான் கோமதிக்கும் இருக்கும். காற்றடிக்கும்போது மெகர் தலையில் இருக்கிற பிச்சிப்பூ வாசம் இந்தப் பக்கம்தானே வரும்.

அந்தப் பூவை வாங்குவதில்தான் இருவருக்கும் சண்டை. ஒரு முழம் வாங்கினால் கையை எடுக்க மாட்டாள் மெகர். "அக்கா, கொசுறு?" என்று நிற்பாள்.

"வெக்கமா இல்லையாட்டி உனக்கு?" என்று கோமதி தெருவிலேயே கடிந்துகொள்வாள்.

"எதுக்கு வெக்கம்? காசுக்குச் சரியா பூவை வாங்கிட்டு வந்துட்டா, அந்த அக்காவுக்கும் நமக்கும் அத்தோட முடிஞ்சு போச்சு. ரெண்டு பூ கூட வச்சாவன்னா நாளைக்கும் வாங்கட்டின்னு சொல்லுதாவ. இது கூடத் தெரியாம நீ என்னத்த கணக்குப் படிக்க?"

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வந்தது.

தும்பைக்கு ஆள் எடுத்தபோது இருவரும் சேர்ந்தே விண்ணப்பிப்பதாகப் பேச்சு. கடைசி நாளில் கோமதி படிவத்தைக் கொடுக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் இல்லை. அதை மெகரிடம் நேரில் சொல்லவும் வாய் வரவில்லை. அவள் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கிளம்பிய அன்று வேண்டியவர்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் பேச அனுமதி இருந்தது. மெகர் என்னென்னவோ பேசினாள், இதைப் பற்றி மட்டும் பேசவில்லை. பத்து நிமிஷம் முடியும் நேரத்தில், "ஏ கோமு, ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள். இணைப்பு அறுந்தது. இன்னும் அரை நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், எல்லாரும் தெரிந்தவர்கள்தான். கோமதி கேட்கவில்லை. அது ஆகி ஒன்பது வருஷம்.

பதினொரு மணி வாக்கில் பாக்கியநாதன் வந்தார். உவரிக்காரர், எழுபது வயதிருக்கும். அவர் மகள் லீமாதான் தும்பையில் டாக்டர். குடும்பங்களின் சார்பில் சான்றிதழை வாங்கிக்கொள்ள அவரை அனுப்பியிருந்தார்கள். அந்தத் துக்கத்திலும் வெறுங்கையோடு வரக்கூடாது என்று வழியில் அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு வாங்கிக் கொண்டுவந்திருந்தார். பொங்கல் சமயம், தெருவெல்லாம் கிழங்குதான்.

"கையெழுத்துப் போட்டாச்சாம்மா?"

"இன்னும் இல்லய்யா. உக்காருங்க."

உட்கார்ந்தார். கிழங்குக் கட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "பதினோரு நாளு, நிக்காம சத்தம் வந்துச்சுன்னு சொன்னாவ. அதுல ஒண்ணுமே இல்லன்னா எப்படிம்மா?"

எத்தனையோ அதிகாரிகளுக்கு விளக்கியிருக்கிறாள். இந்த மனிதருக்கு விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"பெரிய ஆன்டெனா ஒடஞ்சு போயிருக்கணும்யா. ஆபத்துக்குன்னு ஒரு சின்னத் தட்டுப்பொறி இருக்கு. நொடிக்கு ஒரு தட்டுதான் அனுப்பும். தட்டு உண்டு, இல்ல, உண்டு, இல்லன்னு அப்படியே வரும். அதை எண்ணினா சரியா பத்து லட்சம். அவங்க ஏதாவது படமா வரைஞ்சு அனுப்பியிருந்தா, அந்தப் பத்து லட்சம் புள்ளியையும் வரிசை வரிசையா அடுக்கினா படம் தெரியணும். ஒரு வரிசைக்கு எத்தனை புள்ளின்னு நமக்குத் தெரியாது. ஆனா மிச்சமில்லாம அடுக்கணும்."

"அடுக்கிப் பாத்தியளா?"

"பத்து லட்சம் ரொம்பத் தாராளமான எண்ணுய்யா. நாப்பத்தொன்பது எண்ணால மிச்சமில்லாம வகுபடும். நாப்பத்தொன்பது விதமாவும் அடுக்கிப் பாத்தாச்சு. வெறும் புழுதிதான் தெரியுது. அதுவும் போக, மனுஷங்க அனுப்பினா இப்படிச் சரியா பத்து லட்சத்துல வந்து நிக்காது. கருவி பழுதாகித் தானா ஓடி நின்னுருக்குன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க."

அவர் முகத்தில் ஒன்றும் பிடிபட்ட மாதிரி தெரியவில்லை. கோமதி கிழங்குக் கட்டைப் பிரித்தாள். சான்றிதழை ஓரமாக நகர்த்திவிட்டு, மேஜையில் கிழங்குகளை அடுக்கிக் காட்டினாள். "இப்ப இது இருபத்தஞ்சு. அஞ்சு வரிசை, வரிசைக்கு அஞ்சு. பாத்தீங்களா, சதுரமா வந்துருச்சு." கையில் ஒரு கிழங்கு மிஞ்சியது. பழக்க தோஷம், அதை எடுத்து மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். "இதை விட்டுருங்க. இது கணக்குல இல்ல."

"அது கொசுறும்மா," என்றார் பாக்கியநாதன். "கணக்குல இல்லன்னு தள்ளிராதிய. கெழங்குக்காரி எண்ணித்தான் வச்சா."

கோமதியின் கை அந்த ஒற்றைக் கிழங்கின் மேல் அப்படியே நின்றது.

இருபத்தாறு. ஐந்தைந்தாக அடுக்க முடியாது. பதின்மூன்று பதின்மூன்றாக, இரண்டு வரிசையாக அடுக்க வேண்டும். ஒன்றைச் சேர்த்தால் முழு அடுக்கும் மாறிவிடுகிறது.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் கிழங்கெல்லாம் தரையில் உருண்டது.

இருபது வருஷத்துக்கு முன் அவள் எழுதிய விதி ஒன்று உண்டு. தட்டுப்பொறியை அணைக்கும்போது விசையின் அதிர்ச்சியில் சில சமயம் உதிரியாக ஒரு தட்டு விழும். ஆகவே ஆயிரம் ஆயிரமாகக் கட்டிய பின் வாலில் ஒன்று மிஞ்சினால் அது இரைச்சல், வெட்டு. யாரும் இதுவரை அந்த விதியைக் குறை சொன்னதில்லை. வெட்டியவை எல்லாம் ஒரு கோப்பில் போய்க் குப்பையாய்க் கிடக்கும். கோமதி அதைத் திறந்தாள். அக்டோபர் பதினாலு, தும்பை, வெட்டப்பட்ட வால்: ஒன்று.

பத்து லட்சத்து ஒன்று.

ஹாஸ்டலில் மின்சாரம் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முறுக்கைக் கடித்துக்கொண்டே மெகர் கேட்டது ஞாபகம் வந்தது. "கோமு, பத்து லட்சத்துல ஒண்ணு கூடப் போட்டா என்னாகும், சொல்லு பாப்போம்." கோமதி நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரிசையாகப் போனாள். ஒற்றைப்படை, இரண்டு போகாது. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டு, ஆகவே மூன்று போகாது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதுவும் போகவில்லை. பகா எண் என்று சொல்லிவிட்டாள். மெகர் விழுந்து விழுந்து சிரித்தாள். "நூத்தியொண்ணை ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணால பெருக்கு. ரெண்டும் பகா எண்ணு. பத்து லட்சம் சத்திரம் மாதிரி, யார் வந்தாலும் கதவைத் தொறந்து விட்டுரும். கொசுறு ஒண்ணு போட்ட உடனே பாரு, ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தொறக்குது." அடுத்த நாள் பஸ் ஜன்னலோரத்தோடு கோமதியின் பங்கு முறுக்கும் போயிற்று.

நிலைய இயக்குநர் அருளப்பன் ஓடி வந்தபோது, திரையில் படம் விரிந்துகொண்டிருந்தது. அகலம் நூற்றொரு புள்ளி. நீளம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒரு புள்ளி. ரிப்பனைப் போல ஒடுங்கி நீண்ட படம். அதில் கோடு கோடாகக் கையெழுத்து. குண்டு குண்டான எழுத்து, 'க'வின் வால் மட்டும் கோபித்துக்கொண்டு போகிற மாதிரி நீண்டிருக்கும். கோமதிக்கு அது யார் எழுத்து என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மேடம், நூத்தியொண்ணு அகலத்துல நாம முன்னாடியே பாத்திருக்கலாமே?" என்றார் அருளப்பன்.

"பத்து லட்சத்தை நூத்தியொண்ணால வகுத்தா நூறு மிச்சம் வருது சார். மிச்சம் வந்தா பாக்காதேன்னு எழுதி வச்சதும் நான்தான்."

இருவரும் படித்தார்கள்.

கடிதத்தின் முதல் பாதி வேலைக் கடிதம். பெரிய ஆன்டெனா போய்விட்டது, திசை காட்டும் கருவியும் போய்விட்டது, ஏழு பேரும் நலம். எஞ்சின் நன்றாக இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பூமியிலிருந்து மூன்றே மூன்று எண்கள் வந்தால் போதும், திரும்பிவிடலாம். அதுவரை மின்சாரத்தை மிச்சப்படுத்தக் குளிர் உறக்கத்தில் இருப்போம். முப்பது நாளுக்கு ஒருமுறை, மாலை நான்கிலிருந்து ஐந்து வரை, எல்லாரும் எழுந்து கேட்போம். அப்படி மூன்று முறைதான் எழ முடியும். ஒவ்வொரு முறை எழுவதும் உடம்புக்கு ஆபத்து, மூன்றாவது முறைக்கு எல்லாருக்கும் தாங்கும் என்று லீமா டாக்டர் உறுதி சொல்லவில்லை. பதில் கேட்டதும் உயிரோடு இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு தட்டு தட்டுவோம்.

கோமதி அக்டோபர் பதினாலிலிருந்து விரல் விட்டு எண்ணினாள். நவம்பர் பதின்மூன்று போய்விட்டது. டிசம்பர் பதின்மூன்று போய்விட்டது. இரண்டு முறை எழுந்து, ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பப் படுத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை இன்றைக்கு.

"சார், மணி என்ன?"

"ஒண்ணு இருபது."

"சமிக்ஞை போய்ச் சேர எண்பது நிமிஷம். மூணரைக்குள்ள அனுப்பியாகணும்."

அதற்குப் பிறகு அந்த நிலையத்தில் யாரும் சாப்பிடவில்லை. மூன்று எண்களைக் கண்டுபிடிக்க மூன்று குழு போட்டார் அருளப்பன். இரண்டு ஐம்பத்தைந்துக்கு அந்தப் பெரிய கிண்ண ஆன்டெனா கிரீச்சிட்டுக்கொண்டு திரும்பியது. மூன்று மணிக்குப் பதில் கிளம்பியது. நான்கு இருபதுக்கு அங்கே போய்ச் சேரும். அவர்களுடைய தட்டு இங்கே வர ஐந்தே முக்கால் ஆகும். இனி காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பாக்கியநாதன் கட்டுப்பாட்டு அறையின் ஓரத்தில் செபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையில் உருண்ட கிழங்குகளை அவரே பொறுக்கித் துடைத்து வைத்திருந்தார். கோமதி தன் அறைக்குப் போய்க் கடிதத்தின் மீதியைப் படித்தாள். அவசரத்தில் யாரும் முதல் பாதியைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது. அது அவளுக்கு எழுதியது.

'கோமு, இந்தச் சத்தம் உன் கைக்குத்தான் வரும்னு தெரியும். சரியா பத்து லட்சமா அனுப்பினா நாப்பத்தொம்போது விதமா அடுக்கிக் கொழம்புவாவ. அதனாலதான் கொசுறு போட்டுருக்கேன். அந்த முறுக்கு ஞாபகம் இருக்கா? நீ நோட்டுல ரெண்டு, மூணு, அஞ்சுன்னு போயிட்டிருக்கும்போது உன் மொகத்தைப் பாக்கணுமே. சனிக்கு வளையம் இருக்குன்னு படிச்சோம்ல, நேர்ல பாத்தா நம்ம மெஸ்ஸு தோசைக்கல்லு மாதிரிதான் இருக்கு.'

இப்படியே போயிற்று. வார்டன் வளர்த்த பூனை, ஜன்னலோரம், மார்க்கெட் பூக்கார அக்கா. நொடிக்கு ஒரு புள்ளியாக, பதினொன்றரை நாளில் பாதியை அவள் இதற்குச் செலவழித்திருந்தாள். அந்தக் கலத்தில் இருந்தவர்கள் எப்படித்தான் விட்டார்களோ.

கடைசி வரிகள் வந்தன. 'அன்னைக்குப் பத்து நிமிஷத்துல அறுந்து போச்சு. நான் சொல்ல வந்தது இதுதான். நீ வராதது எனக்குக் கோபமில்லட்டி. பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம், நானும் பயந்துதான் போனேன். நாங்க தட்டி முடிச்ச பொறவு, பத்து நொடி விட்டு, உனக்குன்னு ஒண்ணு தட்டுவேன். அது என் கையால வாரது. கணக்குல சேக்காத. கொசுறு.'

கோமதி முகத்தைக் கழுவிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு வந்தாள். கடைசி வரிகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பேருக்கு நடுவில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் ஒரு சிநேகிதியின் கடிதத்துக்கு இப்படிக் கூசுவதை நினைத்து அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

ஐந்தே முக்கால் ஆயிற்று. திரையில் எண்ணிக்கை பூஜ்யம். வெட்டும் விதியை அவள் தன் கையாலேயே அணைத்து வைத்திருந்தாள். ஐந்து நாற்பத்தொன்பது. ஐந்து ஐம்பத்தொன்று.

டக்.

அறையில் யாரோ "மாதாவே" என்றார்கள். டக். டக். பாக்கியநாதன் எழுந்து நின்றுவிட்டார். டக். அருளப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை மடக்கினார். டக். டக்.

ஆறு. அதோடு நின்றது.

ஒரு நொடி, இரண்டு, ஐந்து. பாக்கியநாதனின் வாய் மட்டும் அசைந்தது. எட்டு, ஒன்பது.

டக்.

"ஏழு!" என்று கத்தினார் அருளப்பன். அறை வெடித்தது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், மேஜையைத் தட்டினார்கள், ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "ஏழாவது ஆளு எந்திரிச்சு வர லேட்டாயிருச்சு போல!" என்று அழுதுகொண்டே சிரித்தார் அருளப்பன். பாக்கியநாதன் போனை எடுத்து, வீட்டுக்கு அழைத்து, "ஏழு பேரும், ஏழு பேரும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோமதி மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நொடி. சரியாகப் பத்து நொடி விட்டு வந்திருக்கிறது. மெகர் இருக்கிறாள். அவள் கையால் வந்த தட்டு. சந்தோஷம் பொங்கி வந்தது, வந்த வேகத்திலேயே உறைந்து போயிற்று.

எட்டாவது வரவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தாள், இரண்டு நிமிஷம் பார்த்தாள். வரவில்லை.

நவம்பரில் பதில் போயிருந்தால் ஏழும் ஒன்றும் எட்டு வந்திருக்கும். வெட்டிய ஒரு தட்டுக்குப் பதிலாக ஓர் ஆள் குறைந்திருக்கிறது. இந்த அறையில் வேறு யாருக்கும் இது தெரியாது. அவள் வாயைத் திறக்காவிட்டால், கலம் ஊர் வந்து சேரும் வரைக்கும், இன்னும் நாலு வருஷத்துக்கு, ஏழு வீட்டிலும் விளக்கு எரியும். வாயைத் திறந்தால் மெகர் வீடு தவிர ஆறு வீட்டிலும் இன்று இரவே அழுகை. இருபது வருஷமாகக் கடைசி ஒன்றை யோசிக்காமல் வெட்டியவளுக்கு இந்த ஒன்றை ஏழிலிருந்து வெட்டக் கை வரவில்லை.

பாக்கியநாதன் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே அவளிடம் வந்தார். "யம்மா, எங்க வீட்டுக்காரிகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா. ஏழு பேருந்தான?"

போனை நீட்டினார். கோமதி வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஏழு இல்ல. ஆறு."

அறையில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் "என்னங்க, என்னங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏழு வந்துச்சேம்மா. நானும் எண்ணினேனே."

"கடைசி ஒண்ணு கணக்குல இல்லய்யா. பத்து நொடி விட்டு எனக்குன்னு ஒண்ணு தட்டுறேன்னு மெகர் எழுதியிருந்தா. அது எனக்கு வந்த கொசுறு."

அவருக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்தபோது போனை மெல்ல அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"யாருன்னு தெரியுமா?"

"தெரியலய்யா."

"சரி," என்றார். "இனி அணைச்சிராதிய. கேட்டுக்கிட்டே இருங்க."

கோமதி தலையசைத்தாள். பதிவேட்டில் 'ஏழு' என்று அருளப்பன் எழுதியிருந்ததை அடித்து, 'ஆறு' என்று எழுதினாள். அதற்குக் கீழே, தனி வரியில், 'ஒன்று' என்று எழுதி, அதை வெட்டாமல் விட்டாள்.